ஒழுகும் வாளியும் ஓயாத எதிரொலியும்

உங்கள் பள்ளி விளையாட்டுத் திடலின் ஒரு கோடியில் நின்றுகொண்டு, எதிர்ப்புறம் உள்ள நீண்ட சுவரை நோக்கி ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். சுவர் 50 மீட்டர் தொலைவில் இருந்தால், ஒலி போய்த் திரும்ப 100 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஆகவே 0.29 விநாடி கழித்து அந்தக் கைதட்டல் மறுபடியும் உங்கள் காதில் விழும். இதுதான் எதிரொலி என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இப்போது வேறொரு கேள்வி. கிதார் வாசிக்கும் ஒருவர் தம் கருவியில் எழும் ஒவ்வொரு சுரத்திற்கும் அரை விநாடி கழித்து ஓர் எதிரொலி வேண்டும் என்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 85 மீட்டர் தொலைவில் ஒரு சுவர் வேண்டும். மேடைதோறும் அவர் அந்தச் சுவரைச் சுமந்து செல்ல முடியுமா? முடிகிறது! அவர் காலடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு இரும்புப் பெட்டி கிடக்கிறது. காலால் மிதித்து இயக்குவதால் அதற்குப் பெடல் என்று பெயர். 85 மீட்டர்ச் சுவர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இத்தகைய தாமதப் பெட்டிகளில் இரு வகை உண்டு. ஒன்று அனலாக், மற்றது டிஜிட்டல். டிஜிட்டல் பெட்டி நீண்ட தாமதம் தருகிறது. எதிரொலி பளிச்சென்று இருக்கிறது. அனலாக் பெட்டியோ அரை விநாடியை எட்டுவதற்கே திணறுகிறது. எதிரொலி மங்கலாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. அப்படியானால் அனலாக் பெட்டி என்றோ குப்பைக்குப் போயிருக்க வேண்டும் அல்லவா? ஆனால் இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். சில சமயம் கூடுதல் விலை கொடுத்தும் வாங்குகிறார்கள். ‘அனலாக் ஒலிக்கு ஓர் உயிர் உண்டு’ என்பார்கள். இயற்பியலில் ‘உயிர்’ என்றோர் அளவு கிடையாது. எனவே அவர்கள் உண்மையில் எதைக் கேட்கிறார்கள் என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

நாடாவில் ஓடிய எதிரொலி

ஒலியைத் தாமதப்படுத்துவது என்றால் அதைச் சிறிது நேரம் எங்கேனும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். சுவரின் விஷயத்தில் சேமிப்புக் கிடங்கு காற்றுதான். இசைக்கலைஞர்களுக்கு முதலில் கிடைத்த வசதியான கிடங்கு டேப் ரிக்கார்டர்.

சில டேப் ரிக்கார்டர்களில் ஒலியைப் பதிவு செய்வதற்கு ஒரு ஹெட்டும், பதிந்ததைப் படிப்பதற்கு இன்னொரு ஹெட்டும் தனித்தனியே இருக்கும். நாடா முதலில் பதிவு ஹெட்டைக் கடந்து, பிறகு படிக்கும் ஹெட்டை அடையும். இரண்டுக்கும் இடையே 5 செ.மீ. தூரம் என்றும், நாடா விநாடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். பாடகரின் குரல் 5-ஐ 19-ஆல் வகுத்தால் வரும் 0.26 விநாடி தாமதித்து இரண்டாவது ஹெட்டில் ஒலிக்கும். இதை நேர்க்குரலோடு கலந்துவிட்டால் எதிரொலி தயார். நாடாவை இரு மடங்கு வேகத்தில் ஓட்டினால் தாமதம் 0.13 விநாடி ஆகிவிடும்.

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் ‘சன்’ என்ற சிறிய ஒலிப்பதிவு நிலையம் நடத்திய சாம் பிலிப்ஸ் இம்முறையை நன்கு பயன்படுத்தியவர். 1954-ல் அவர் பதிவு செய்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் இசைத்தட்டில், குரலின் முதுகைத் தட்டுவதுபோல் ஒரே ஒரு குட்டி எதிரொலி தொடர்ந்து வருவதைக் கேட்கலாம். பின்னர் இதற்கென்றே தனிக் கருவிகள் வந்தன. ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1974-ல் வெளியிட்ட ஆர்.இ-201 என்ற கருவியில், முனைகள் ஒட்டப்பட்ட ஒரு நாடா வளையம் மூன்று படிக்கும் ஹெட்டுகளைக் கடந்து ஓடிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துத் தாமதத்தை மாற்றலாம்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதத்தை நீட்ட வேண்டுமானால் நாடாவை மெதுவாக ஓட்ட வேண்டும். விநாடிக்கு 10,000 அதிர்வுகள் கொண்ட ஒரு கீச்சொலியை 19 செ.மீ. வேகத்தில் பதிந்தால், நாடாவின்மேல் ஒவ்வோர் அலையும் 0.019 மில்லிமீட்டர் நீளத்தில் அமையும். வேகத்தைப் பாதியாக்கினால் அலைகளும் பாதி நீளத்துக்கு நெருக்கிக்கொள்ளும். அவ்வளவு நுண்ணிய அலைகளை ஹெட்டின் இடைவெளி பிரித்தறியத் தடுமாறும். ஆகவே தாமதம் கூடினால் கீச்சொலிகள் குறையும். இந்தப் பண்டமாற்றை நாம் இன்னொரு இடத்திலும் சந்திக்கப் போகிறோம்.

நாடா தேயும், அறுந்துபோகும். ஹெட்டில் அழுக்குச் சேரும். மோட்டார் சீராக ஓடாவிட்டால் சுரமே நடுங்கும். அசையும் பாகங்கள் ஏதும் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா?

வாளி வரிசை

1969-ல் ஹாலந்து நாட்டில், பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சாங்ஸ்டர், டீர் என்ற இருவர் ஓர் எளிய யோசனையை வெளியிட்டார்கள். தீப்பிடித்த வீட்டை அணைக்கும்போது கிணற்றிலிருந்து வீடு வரை ஆட்கள் வரிசையாக நின்று வாளித் தண்ணீரைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்குப் பதிலாக மின்னூட்டம், வாளிக்குப் பதிலாக மின்தேக்கி, ஆளுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர்! ஆங்கிலத்தில் அவர்கள் அதற்கு இட்ட பெயரும் வாளி வரிசை என்றே பொருள்படும்.

கிதாரிலிருந்து வரும் மின்னழுத்தம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்குகிறது. ஒரு குறிப்பிட்ட கணத்தில் அது எவ்வளவு இருக்கிறதோ, அந்த அளவுக்கு முதல் மின்தேக்கி நிரப்பப்படுகிறது. ஒரு கடிகாரச் சுற்று ‘டிக்’ என்று துடித்ததும் முதல் மின்தேக்கியில் உள்ளது இரண்டாவதற்கு மாற்றப்படுகிறது. அடுத்த துடிப்பில் மூன்றாவதற்கு. இதற்கிடையே முதல் வாளியில் புதிய அளவு விழுகிறது. கடைசி வாளிக்கு வந்து சேர்ந்தவற்றை வரிசையாகக் கொட்டினால், பழைய ஒலி தாமதித்து வெளிவருகிறது.

வரிசையில் நிற்கும் ஆள் ஒரே சமயத்தில் வாளியைக் கொடுக்கவும் வாங்கவும் முடியாது. ஆகவே ஒருவர்விட்டு ஒருவர் வெறுங்கையோடு நிற்க வேண்டும். ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் எம்.என். 3005 என்ற பெயரில் செய்த ஐ.சி.-யில் 4096 வாளிகள் இருந்தன. ஆனால் ஒரு சமயத்தில் அவற்றில் 2048-ல்தான் சரக்கு. விநாடிக்கு 1,00,000 முறை கடிகாரம் துடித்தால், 2048 அளவுகளும் ஏறத்தாழ 0.02 விநாடியில் வெளியேறிவிடும். விநாடிக்கு 10,000 முறை என்று மெதுவாக்கினால் 0.2 விநாடி தாமதம் கிடைக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் ஒன்று இங்கே இருக்கிறது. அனலாக் என்றாலே அறுபடாத தொடர்ச்சி, டிஜிட்டல் என்றால் துண்டு துண்டாக நறுக்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். வாளி வரிசையைப் பாருங்கள். அது அனலாக் கருவிதான். ஆனாலும் அது ஒலியை நேரத்தில் நறுக்கிவிடுகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கிதாரில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. நறுக்காமல் விடுவது அளவை மட்டும்தான். வாளியில் அரை இருக்கலாம், முக்கால் இருக்கலாம், இரண்டுக்கும் நடுவே எந்த அளவும் இருக்கலாம்.

நேரத்தை நறுக்குவதற்கு ஒரு விலை உண்டு. ஓர் அதிர்வைச் சரியாகப் பிடிக்க, ஒவ்வோர் அலைக்கும் குறைந்தது இரண்டு தடவைக்கு மேல் அளவெடுக்க வேண்டும் என்பது விதி. விநாடிக்கு 10,000 அளவுகள் எடுத்தால் 5000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளே உருப்படியாக வந்து சேரும். அதற்கு மேலுள்ளவை வராமல் போனாலும் பரவாயில்லை. வேறு வேடத்தில் வந்து நிற்கும்! 7000 ஹெர்ட்ஸ் ஒலி 3000 ஹெர்ட்ஸ் ஒலியாகக் கேட்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதுபோல் தெரிகிறதே, அதே ஏமாற்றுதான் இது. இதைத் தவிர்க்க, வரிசையின் வாசலிலேயே ஒரு வடிகட்டியை வைத்துக் கீச்சொலிகளைத் தடுத்துவிடுகிறார்கள்.

பாஸ் நிறுவனம் 1981-ல் வெளியிட்ட டி.எம்-2 என்ற அனலாக் பெடல் அதிகபட்சம் 0.3 விநாடி தாமதம் தந்தது. 4096 வாளிகளைக் கொண்டு 0.3 விநாடி பெற வேண்டுமானால் விநாடிக்குச் சுமார் 6800 அளவுகளே எடுக்க முடியும். அதில் பாதி 3400 ஹெர்ட்ஸ். பழைய கம்பித் தொலைபேசியில் குரலை எந்த எல்லையோடு வெட்டினார்களோ, ஏறத்தாழ அதே எல்லை! போர்வைக்குள்ளிருந்து வரும் ஒலி என்று முதலில் சொன்னோமே, அதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? நாடாவில் கண்ட அதே பண்டமாற்று இங்கும் நடக்கிறது. நேரம் வேண்டுமானால் கீச்சொலியைக் கொடு!

டம்ளரும் சீட்டும்

வாளி வரிசையின் குறை இத்தோடு முடியவில்லை. அதை உணர ஒரு விளையாட்டு ஆடலாம். பத்து மாணவர்கள் வரிசையாக நில்லுங்கள். ஆளுக்கு ஒரு டம்ளர். முதல் மாணவர் தம் டம்ளரில் 7.3 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பி, அடுத்தவர் டம்ளரில் ஊற்றட்டும். அவர் அதற்கடுத்தவருக்கு. பத்தாவது டம்ளருக்கு வந்து சேரும்போது அளவெடுங்கள். கொஞ்சம் சிந்தியிருக்கும், ஒவ்வொரு டம்ளரின் அடியிலும் சில துளிகள் தங்கியிருக்கும். 7.3 இருக்காது.

மின்தேக்கியிலும் இதேதான் நடக்கிறது. கைமாற்றும்போது சிறிது மின்னூட்டம் பின்தங்கிவிடுகிறது. காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் ஒழுகுகிறது. போதாக்குறைக்கு, வழியில் இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. 4096 கைமாற்றங்கள் என்றால் சும்மாவா? இரைச்சலைச் சமாளிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். வரிசைக்குள் நுழையும் முன் மெல்லிய ஒலிகளைப் பெரிதாக்கி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் அவற்றைப் பழைய அளவுக்குச் சுருக்கினார்கள். சுருக்கும்போது இரைச்சலும் சேர்ந்து சுருங்கிவிடும்.

விளையாட்டின் இரண்டாம் பகுதி. இம்முறை முதல் மாணவர் தண்ணீரை ஊற்ற வேண்டாம். உயரத்தை அளந்து ‘7’ என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பட்டும். சீட்டு பத்துக் கை மாறட்டும். கசங்கட்டும், அழுக்காகட்டும். பத்தாவது மாணவர் அதைப் பார்த்துத் தம் குடத்திலிருந்து 7 செ.மீ. தண்ணீரை ஊற்றுவார். பத்துப் பேர் என்ன, பத்தாயிரம் பேர் நின்றாலும் 7 என்பது 7-தான். டிஜிட்டல் தாமதம் இதுவே.

ஆனால் அந்த 0.3 எங்கே போயிற்று? அது வாசலிலேயே தொலைந்தது. டிஜிட்டல் முறையில் இழப்பு உண்டு. ஆனால் அது நுழைவாயிலில் ஒரே ஒரு தடவை நிகழ்ந்துவிடுகிறது. அதைக் குறைக்க வேண்டுமானால் இன்னும் நுண்ணிய அளவுகோல் வேண்டும். 0, 1 என்ற இரும எண்களில் 8 இடங்கள் ஒதுக்கினால் 256 படிகள் கிடைக்கும். 12 இடங்களுக்கு 4096 படிகள். 1982-ல் விற்பனைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க்குக்கு 16 இடங்கள், அதாவது 65,536 படிகள். படிகள் குறைவாக இருந்தால், எதிரொலி தேய்ந்து மறையும் கடைசிக் கட்டத்தில் வித்தியாசம் தெரியும். ஒலி ஒன்றிரண்டு படிகளுக்குள் சுருங்கும்போது அலையின் வளைவு போய் மாடிப்படிபோல் ஆகிவிடும், காதுக்குக் கரகரவென்றிருக்கும். அனலாக் எதிரொலி இரைச்சலுக்குள் மெல்லக் கரைந்து போகும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டிஜிட்டல் கருவியில் அந்த 0, 1 எண்களை எதில் சேர்த்து வைக்கிறார்கள்? பெரும்பாலும் மிகச் சிறிய மின்தேக்கிகளில்தான்! அவையும் ஒழுகும் வாளிகளே. விட்டுவைத்தால் மிக விரைவில் காலியாகிவிடும். ஆயினும் எண் அழிவதில்லை. ஏன்? வாளி வரிசையில் ஒவ்வொரு வாளியிடமும் ‘உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?’ என்று கேட்கிறோம். ஒழுகிய வாளி தவறான விடையைத்தான் தரும். டிஜிட்டல் நினைவகத்திலோ ‘நீ நிறைவா, காலியா?’ என்று மட்டும் கேட்கிறோம். முக்கால் வாளி இருந்தாலும் விடை ‘நிறைவு’ என்பதே. விடை கிடைத்ததும் அந்த வாளியை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறார்கள். விநாடிக்குப் பல நூறு தடவை இந்த விசாரணையும் நிரப்புதலும் நடந்துகொண்டே இருக்கும். வாளி இரண்டிலும் ஒன்றுதான்; கேட்கும் கேள்விதான் வேறு.

முந்நூற்று நாற்பத்தைந்து ஐ.சி.

அப்படியானால் முதலிலேயே டிஜிட்டல் பெட்டியைச் செய்திருக்கலாமே என்று தோன்றும். கணக்கைப் பார்ப்போம். காம்பாக்ட் டிஸ்க் தரத்தில் விநாடிக்கு 44,100 அளவுகள். அரை விநாடிக்கு 22,050 அளவுகள். ஒவ்வொன்றுக்கும் 16 இடங்கள். ஆக 3,52,800 பிட்டுகளைச் சேர்த்து வைக்க வேண்டும். 1970-ல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்ற நினைவக ஐ.சி. 1024 பிட்டுகளே கொள்ளும். எத்தனை வேண்டும்? 345! ஒரு பீரோவைத்தான் மேடைக்குத் தூக்கிவர வேண்டியிருக்கும்.

இதே தரத்தில் அரை விநாடியை வாளி வரிசையில் பெற 44,100 வாளிகள் வேண்டும். எம்.என். 3005 ஐ.சி.-கள் 11 இருந்தால் போதும். இரைச்சல் பொறுக்க முடியாததாக இருக்கும் என்பது வேறு விஷயம். கீச்சொலியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஒன்றிரண்டு ஐ.சி.-யிலேயே வேலையை முடித்துவிடலாம். 1970-களில் பெடல் செய்தவர்கள் வாளி வரிசையை நாடியதற்கு இந்தக் கணக்குத்தான் காரணம். ஒலியின் ‘உயிரை’ எண்ணி அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் நம்பவில்லை. கையில் கிடைத்ததில் மலிவானது அது.

டிஜிட்டல் தாமதம் அந்நாளில் விலையுயர்ந்த பெரிய பெட்டியாகத்தான் வந்தது. அமெரிக்காவில் லெக்சிகன், ஈவன்டைட் ஆகிய நிறுவனங்கள் 1971-ல் அவற்றை வெளியிட்டன. அவை அலங்கார எதிரொலிக்கு மட்டும் பயன்படவில்லை. 1973 ஜூலை 28-ல் நியூயார்க் மாநிலத்தில் வாட்கின்ஸ் கிளென் என்னும் ஊரின் கார்ப் பந்தய மைதானத்தில் ஒரு மாபெரும் இசை நிகழ்ச்சி நடந்தது. கூட்டம் சுமார் ஆறு லட்சம். மேடை ஒலிபெருக்கிகள் எட்டாத இடங்களுக்காக, மேடையிலிருந்து 61 மீட்டர் தள்ளிக் கோபுரங்கள் அமைத்து அவற்றிலும் ஒலிபெருக்கிகளை வைத்தார்கள். கம்பியில் மின்சாரம் நொடிப்பொழுதுகூட ஆகாமல் கோபுரத்தை அடைந்துவிடும். மேடையிலிருந்து காற்றில் வரும் ஒலி அங்கே வந்து சேரச் சுமார் 0.175 விநாடி ஆகும். இரண்டையும் அப்படியே விட்டால், கோபுரத்தருகே நிற்பவர் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு தடவை கேட்பார். ஆகவே ஈவன்டைட் கருவிகளைக் கொண்டு கோபுர ஒலியை 0.175 விநாடி தாமதப்படுத்தினார்கள். இரண்டு ஒலிகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. எதிரொலியை உண்டாக்கும் கருவி இங்கே எதிரொலியை ஒழித்தது! இத்தகைய வேலைக்கு மங்கலான நகல் உதவாது. அசலும் நகலும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும்.

1980-களின் தொடக்கத்தில் 65,536 பிட்டுகள் கொள்ளும் ஐ.சி.-கள் கடைக்கு வந்தன. 345 என்ற எண்ணிக்கை ஆறாகச் சுருங்கியது. 1983-ல் பாஸ் நிறுவனம் டி.டி-2 என்ற டிஜிட்டல் பெடலை வெளியிட்டது. அனலாக் டி.எம்-2 இருந்த அதே அளவுள்ள பெட்டி. ஆனால் தாமதம் 0.8 விநாடி. அத்துடன் அனலாக் கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் எண்ணியிருப்பார்கள்.

ஏன் முடியவில்லை?

ஒரே ஓர் எதிரொலியோடு கிதார்க் கலைஞர்கள் நிறுத்துவதில்லை. வெளிவரும் எதிரொலியில் ஒரு பங்கை மீண்டும் வாசலுக்கே திருப்பிவிடுகிறார்கள். இதற்குப் பின்னூட்டம் என்று பெயர். பாதியைத் திருப்பிவிட்டால் எதிரொலிகள் 1/2, 1/4, 1/8, 1/16 என்று தேய்ந்து செல்லும். நீங்கள் கணக்கு வகுப்பில் படிக்கும் பெருக்குத் தொடர்தான் இது. முழுவதையும் அல்லது அதற்கு மேலும் திருப்பிவிட்டால் ஒலி ஓயவே ஓயாது; வளர்ந்து வளர்ந்து ஊளையிடும்.

இனி அனலாக் பெட்டியின் வடிகட்டியைக் கணக்கில் சேர்ப்போம். ஒவ்வொரு சுற்றிலும் 300 ஹெர்ட்ஸ் ஒலி முழுமையாகவும், 3000 ஹெர்ட்ஸ் ஒலி 0.7 பங்கும் கடந்துவருவதாகக் கொள்வோம். நான்காம் எதிரொலியில் தாழ்ந்த ஒலி 16-ல் ஒரு பங்கு இருக்கும். கீச்சொலியோ 0.7-ஐ நான்கு முறை பெருக்கிய 0.24 மடங்காகி, 67-ல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதாவது எதிரொலி சன்னமாவதோடு மங்கிக்கொண்டும் போகிறது. டிஜிட்டல் பெட்டியில் இரண்டுமே 16-ல் ஒரு பங்குதான். எதிரொலி சன்னமாகிறது, நிறம் மாறுவதில்லை.

இப்போது இயற்கையைக் கவனியுங்கள். அருகில் இடி விழுந்தால் ‘படீர்’ என்று காது கிழிகிறது. தொலைவில் விழுந்தால் அடிவயிற்றில் உறுமுவதுபோல் கேட்கிறது. காற்று கீச்சொலிகளைத் தாழ்ந்த ஒலிகளைவிட அதிகமாக விழுங்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். சுவர்களில் தொங்கும் திரைகளும், கூடத்தில் அமர்ந்திருக்கும் மக்களும்கூட அப்படித்தான் செய்கிறார்கள். பிறந்தது முதல் நம் காது இதைக் கேட்டுப் பழகியிருக்கிறது. மங்கிய ஒலி என்றால் தொலைவிலிருந்து வந்த ஒலி என்று அது எடுத்துக்கொள்கிறது. வாளி வரிசையை அமைத்த பொறியியலாளர்கள் பணத்தை மிச்சப்படுத்த ஏற்றுக்கொண்ட குறை, தற்செயலாக இயற்கையின் வழக்கத்தோடு ஒத்துப்போய்விட்டது. எதிரொலி பின்னால் விலகிச் செல்வதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிறது.

இதில் கலைஞருக்கு நடைமுறை நன்மையும் உண்டு. அவர் வாசித்துக்கொண்டே போகிறார். பழைய சுரங்களின் எதிரொலிகள் புதிய சுரங்களின்மேல் வந்து விழுகின்றன. எதிரொலி பளிச்சென்று இருந்தால் எது புதியது, எது பழையது என்று தெரியாமல் குழம்பும். மங்கியிருந்தால் புதிய சுரம் முன்னால் வந்து நிற்கும்.

அதற்காக அனலாக்தான் உயர்ந்தது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அயர்லாந்து நாட்டின் யூ-2 குழுவில் எட்ஜ் என்ற பெயரில் வாசிக்கும் கிதார்க் கலைஞரின் முறை வேறு. அவர் எதிரொலியை அலங்காரமாக வைக்காமல் தாளத்தின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டார். நிமிடத்துக்கு 120 தட்டுகள் என்றால் ஒரு தட்டுக்கு அரை விநாடி. தாமதத்தை அதில் முக்கால் பங்கு, அதாவது 0.375 விநாடி என்று அமைத்துச் சீராக வாசித்தால், அவர் மீட்டும் சுரங்களின் இடைவெளிகளில் எதிரொலிகள் வந்து அமர்கின்றன. ஒருவர் வாசிக்க இருவர் வாசிப்பதுபோல் கேட்கிறது. தொடக்க காலத்தில் மெமரி மேன் என்ற அனலாக் பெட்டியைப் பயன்படுத்திய அவர், பின்னர் கோர்க் எஸ்.டி.டி-3000 என்ற டிஜிட்டல் கருவியையும் எடுத்துக்கொண்டார். எதிரொலியும் தாளத்தில் ஒரு பங்கை ஏற்கும்போது அது தெளிவாக இருப்பதும், தாமதம் இம்மியும் பிசகாமல் இருப்பதும் உதவும் அல்லவா?

இதற்குள் நினைவகம் மலிந்தது, கணிக்கும் திறனும் பெருகியது. 1999-ல் லைன்-6 என்ற அமெரிக்க நிறுவனம் டி.எல்-4 என்ற டிஜிட்டல் பெட்டியை வெளியிட்டது. அது செய்தது என்ன தெரியுமா? நாடாவின் நடுக்கத்தையும் வாளி வரிசையின் மங்கலையும் கணக்கிட்டு, எண்களாகவே உண்டாக்கிக் காட்டியது. ஒழுகாத வாளியைச் செய்ய அரும்பாடுபட்டவர்கள், ஒழுகலைக் கணக்கிட்டு உள்ளே வைத்தார்கள்! மறுபக்கம் பாஸ் நிறுவனம் 2014-ல் டி.எம்-2 பெடலை உண்மையான வாளி வரிசையோடு மறுபடி வெளியிட்டது. தாமதத்தை மட்டும் 0.8 விநாடி வரை நீட்டிக்கொள்ள வசதி செய்தது.

கடையில் ஒரு சோதனை

இசைக்கருவிக் கடைக்குச் செல்ல வாய்ப்புக் கிடைத்தால், அல்லது தெரிந்தவர் ஒருவரிடம் இப்பெட்டி இருந்தால், பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வகையைக் கண்டுபிடிக்க முயலுங்கள். கிதாரில் ஒரே ஒரு சுரத்தை மீட்டச் சொல்லுங்கள். பிறகு அவர் கை வைக்கக் கூடாது. ஐந்தாவது, ஆறாவது எதிரொலியை முதல் எதிரொலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மங்குகிறதா, சன்னமாக மட்டும் ஆகிறதா?

அடுத்து, எதிரொலிகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தாமதத்தை மாற்றும் குமிழைத் திருகச் சொல்லுங்கள். வாளி வரிசையாக இருந்தால், உள்ளே வரிசையில் நிற்கும் அளவுகள் திடீரென வேகமாகவோ மெதுவாகவோ வெளிவரும். ஆகவே சுரமே ‘ஊ...’ என்று ஏறும் அல்லது இறங்கும். ரயில் நம்மைக் கடந்து செல்லும்போது அதன் ஊதலொலி மாறுவதை இது நினைவூட்டும். பல டிஜிட்டல் பெட்டிகளில் நினைவகத்தைப் படிக்கும் இடம் மட்டும் தாவுவதால், ஒரு ‘டிக்’ ஒலியோடு புதிய தாமதம் வந்துவிடும். ஆனால் எச்சரிக்கை! பழைய டிஜிட்டல் பெட்டிகள் சில, கடிகாரத் துடிப்பை மாற்றித்தான் தாமதத்தை மாற்றுகின்றன. அவற்றிலும் சுரம் ஏறி இறங்கும். டி.எல்-4 போன்றவை அந்த ஏற்ற இறக்கத்தையும் நடித்துக் காட்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். முதல் சோதனையிலும் ஏமாற்ற இடம் உண்டு. இரண்டையும் செய்து, முடிவை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு பெட்டியைத் திருப்பிப் பெயரைப் படியுங்கள்.